நாற்பத்தெட்டு வோல்ட்டும் ரோசலின் டீச்சரின் தொண்டையும்

போன வாரம் நம் ஒலிக்காரர்கள் வாட்சப் குழுவில் ஒரு தங்கச்சி கேள்வி கேட்டிருந்தாள். "அண்ணே, பிளக்-ஆன் டிரான்ஸ்மிட்டர்ல காலர் மைக் மாட்டி ஓட்டலாமா?" அவ்வளவுதான் கேள்வி. பதினோரு பேர் பதில் போட்டீர்கள். நான்கு பேர் முடியும் என்றீர்கள், நான்கு பேர் முடியாது என்றீர்கள், இரண்டு பேர் எந்தக் கடையில் மலிவு என்று சண்டை போட்டீர்கள், மிச்சமிருந்த ஒரு புண்ணியவான் தாமரைப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார். வேலையை விட்டு ஒரு வருடமாகிறதே, நமக்கு எதற்கு வம்பு என்று நானும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

முடியும். எப்படி என்பது அரை நிமிடப் பேச்சு, அதை முதலில் தொலைத்துவிடுகிறேன். சட்டைக் காலரில் குத்துகிற அந்தப் பொடி மைக்குக்குள் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், ஐந்து வோல்ட் போதும். வழக்கமாக இடுப்பில் செருகும் டிரான்ஸ்மிட்டர் அதைக் கொடுத்துவிடும். பிளக்-ஆன் என்பது வேறு சாமான். கைமைக்கின் அடியில் நேராகச் சொருகுகிற குண்டு. பெரிய ஸ்டூடியோ மைக்குகளுக்காக அது நாற்பத்தெட்டு வோல்ட் கொடுக்கும். அதற்கு ஃபேண்டம் என்று பெயர். வேண்டும் என்றால் மெனுவில் போய்ப் போடலாம், வேண்டாம் என்றால் அணைக்கலாம். குண்டுக்கும் காலர் மைக்குக்கும் நடுவே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு அடாப்டர் வேண்டும். நாற்பத்தெட்டை உள்ளே வாங்கி ஐந்தாக்கி வெளியே விடுகிற அடாப்டர். அப்படியே அச்சு அசலாக இன்னொரு அடாப்டரும் கடையில் கிடைக்கும். அது எதையும் குறைக்காது, துளையின் அளவை மட்டும் மாற்றும். அதில் நாற்பத்தெட்டைப் போட்டால் உங்கள் காலர் மைக் பரலோகம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

பாடம் முடிந்தது. அவசரமாக இருப்பவர்கள் இதோடு போய் வேலையைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு, இதே சமாச்சாரத்தில் நான் எப்படி மூக்கறுபட்டேன் என்று சொல்கிறேன்.

ரோசலின் டீச்சர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் பாதைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தேவாலயத்துப் பாடகர் குழுவை நடத்தியவர். நான் அந்தக் குழுவின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வருடா வருடம் ஒலி அமைக்கப் போவேன். நான் திருநீறு வைத்த ஆள். ஆனாலும் அந்தப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம், அவர் திட்டும் திட்டுகளும் மனப்பாடம். என் பெயரைச் சொல்லி அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் அவருக்கு வெறும் 'சவுண்டு'.

அவருக்குக் குரல்வளையில் புற்றுநோய் வந்துவிட்டது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு பேச வேறு வழிகள் உண்டு, ஆனால் அந்தக் குரல் அவருடைய குரலாக இருக்காது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் நல்ல யோசனை சொன்னார். அறுவை சிகிச்சைக்கு முன்பே டீச்சரின் குரலில் அன்றாடம் தேவைப்படும் வாக்கியங்களைப் பதிந்து ஒரு டேப்லெட்டில் ஏற்றிவிடுவது. பொத்தானை அழுத்தினால் டீச்சரின் குரலே பேசும். எழுபத்திரண்டு வாக்கியங்கள் கொண்ட பட்டியல் தயாரானது. பாதி அந்தப் பெண் கொடுத்தது, பாதி டீச்சர் சேர்த்தது.

இதைப் பதிவு செய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பதிவு செய்யும் அன்றே பிற்பகல் மூன்று மணிக்கு டீச்சர் மருத்துவமனையில் சேர வேண்டும். மறுநாள் காலை அறுவை. டீச்சரின் தொண்டை அரை மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் வெறும் காற்றுதான் வரும் என்று அந்தப் பெண் தொலைபேசியில் என்னிடம் இரண்டு முறை சொன்னார். அதாவது ஒரே நாள், அதிலும் அரை மணி நேரம். அதற்கப்புறம் அந்தக் குரல் உலகத்தில் கிடையாது.

இவ்வளவு தெரிந்தும் நான் என்ன லட்சணத்தில் போனேன் என்று கேளுங்கள். முதல் நாள் கிளாங்கில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாழ்த்திப் பேச வேண்டும் என்று என் ஒரே இடுப்பு டிரான்ஸ்மிட்டரை அவர் வேட்டியில் செருகிவிட்டேன். மனிதர் பேசுவதற்கு முன் கழிவறைக்குப் போனார். மனிதர் திரும்பி வந்தார், காலர் மைக்கும் கழுத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. டிரான்ஸ்மிட்டர் வரவில்லை. "உள்ளுக்குள்ள விழுந்துருச்சு பாஸ், நான் எடுக்கல" என்றார். நானும் எடுக்கவில்லை. மிச்ச நிகழ்ச்சியைக் கைமைக்கில் குண்டைச் சொருகி ஓட்டினேன். கைமைக்குக்கு ஃபேண்டம் தேவையில்லை. அதனால் மெனுவில் போய் அதை அணைத்து வைத்தேன். நான் எப்போதுமே அப்படித்தான். ஃபேண்டம் ஓடினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். எட்டு மணி நேர நிகழ்ச்சியை ஒரே ஜோடி பேட்டரியில் ஓட்டுகிற ஆள் என்று எனக்கு ஊரில் பெயர், அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் உண்டு.

மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடமில்லை. ஒரு புடவைக்கடை வாசலில் மஞ்சள் கோட்டின் மேல் போட்டுவிட்டு, எந்த நிமிடம் எவன் வந்து அபராதச் சமன் எழுதுவானோ என்ற பயத்தோடு மூன்று மாடி ஏறினேன். மின்தூக்கி பழுது. கதவைத் திறந்தவர் டீச்சரின் கணவர் தேவசகாயம் அங்கிள். ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு இருபது சொல் பேசினால் அதிகம். மிச்சத்தையெல்லாம் டீச்சர் அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

"வா சவுண்டு," என்றார் டீச்சர். குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது. "மூச்சு வாங்குது பாரு. கிழவன் மாதிரி ஆயிட்ட லா."

"நீங்க பேசாதீங்க டீச்சர். பேச வேண்டியது நிறைய இருக்கு."

"நாளையிலிருந்து பேசாமத்தானே இருக்கப் போறேன். இன்னிக்கும் வாய மூடச் சொல்றியா?"

டீச்சருக்கு மூச்சுத் திணறல் இருந்ததால் விசிறியை நிறுத்தக் கூடாது, சன்னலைச் சாத்தக் கூடாது. விசிறி கடகடவென்று ஆடியது. நான்கு நிமிடத்துக்கு ஒரு மோனோரயில். ரெக்கார்டரை வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். பிடித்துப் பார்த்தேன். விசிறிக் காற்றும் அவருடைய மூச்சும் சேர்ந்து புஸ் புஸ் என்று அடித்தது. அதனால் காலர் மைக்கை நெற்றிக்கு மேலே முடிக்குள் ஒளித்து ஒட்டினேன். மூச்சு அங்கே அடிக்காது, வாய்க்கும் பக்கம். கம்பியைப் பின்னால் இறக்கி, அடாப்டரைச் சொருகி, குண்டை அவருடைய கைப்பைக்குள் வைத்து நாற்காலியில் மாட்டினேன். பையில் இரண்டு அடாப்டர்கள் கிடந்தன, இரண்டும் கறுப்பு, இரண்டிலும் லேபிள் உரிந்து போயிருந்தது. கையில் அகப்பட்டதைப் போட்டேன்.

ரெக்கார்டரில் அதனுடைய சொந்த மைக் ஒரு தடத்திலும், காலர் மைக் இன்னொரு தடத்திலும் பதிவாகும்படி வைத்தேன். ஹெட்ஃபோனில் இரண்டும் கலந்து கேட்கும். ஒவ்வொரு தடத்தையும் தனியாகக் கேட்டுப் பார்க்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இருபது வருடம் மற்றவர்களுக்கு நான் கத்திக் கத்திச் சொன்ன பொத்தான் அது. மனசு மஞ்சள் கோட்டில் கிடந்த வண்டியில் இருந்தது. டீச்சர் குரல் ஹெட்ஃபோனில் கேட்டது. கேட்கிறதல்லவா, அப்புறமென்ன?

"அருமையா வருது டீச்சர். படிகம் மாதிரி," என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

டீச்சர் ஆரம்பித்தார். 'தண்ணீர் வேண்டும்.' 'வலிக்கிறது.' 'நர்ஸைக் கூப்பிடுங்கள்.' 'தலையணையை உயர்த்துங்கள்.' பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல நிறுத்தி நிதானமாக வாசித்தார். நடுவில் தன்னுடைய வாக்கியங்கள் வரும்போது மட்டும் உயிர் வந்தது. 'அந்தச் சட்டையக் கழட்டிப் போடு, மூணு நாளா போட்டிருக்க.' 'மருந்து சாப்பிட்டியான்னு கேட்டேன், ஆமான்னு தலையாட்டாதே, சாப்பிட்டுக் காட்டு.' எல்லாம் அங்கிளுக்கு. அங்கிள் கதவோரம் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். மோனோரயில் சத்தம் அதிகமாகக் கேட்கிறதே என்று ஒரு முறை தோன்றியது. மோனோரயிலைத் திட்டினேன்.

எழுபத்திரண்டும் முடிந்தபோது டீச்சரின் குரல் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கடைசி வாக்கியத்தில் பாதி எழுத்து காற்றாகப் போனது. அங்கிள் வெந்நீர் எடுக்க உள்ளே போனார். நான் சாவகாசமாக, எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பொத்தானை அழுத்திக் காலர் மைக் தடத்தை மட்டும் கேட்டேன்.

ஒன்றுமே இல்லை. வெறும் இரைச்சல். எழுபத்திரண்டு வாக்கியத்துக்கும் ஒரே இரைச்சல்.

நான் அரை மணி நேரம் கேட்டுப் பாராட்டியது ரெக்கார்டரின் சொந்த மைக்கை. ஆறடி தள்ளி மேசையில் இருந்த அதில் டீச்சரும் இருந்தார், விசிறியும் இருந்தது, மோனோரயிலும் இருந்தது, கீழே தேங்காய் வண்டிக்காரன் ஹாரனும் இருந்தது.

இப்போது கவனியுங்கள், இந்த இடத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். அந்த அறையில் விஷயம் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். வாயைத் திறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கணினியில் இரைச்சலைச் சுரண்டி எடுத்து அனுப்பியிருக்கலாம். சுரண்டினால் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவது போல வரும். 'மைக் அப்படித்தான் டீச்சர்' என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். அறுவை முடிந்த பிறகு யார் என்னை எதிர்த்துப் பேசப் போகிறார்கள்? சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வரி அப்படியே என் மனசில் ஓடியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் வீட்டுப்பாடம் எழுதாதவன் முகத்தைப் பார்த்த கண்.

"என்னா?" என்றார் கிசுகிசுப்பாக.

"டீச்சர், மைக் வேலை செய்யல. முதல்லேர்ந்தே செய்யல. நான் செக் பண்ணல. தப்பு என்னுதுதான்."

அங்கிள் வெந்நீர்க் குவளையோடு வாசலில் நின்றுவிட்டார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அழப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன்.

"நீ ஏதோ மறைக்கிறன்னு மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சிச்சு," என்றார். "சரி செய்ய முடியுமா, முடியாதா?"

முடியும் என்று வாயில் வந்தது. குண்டைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். மெனுவில் ஃபேண்டம் அணைந்து கிடந்தது, முந்தைய நாள் கல்யாணத்திலிருந்தே. மின்சாரம் போகாத காலர் மைக் ஊமை. அவ்வளவுதானே, போட்டுவிட வேண்டியதுதானே என்று கட்டைவிரல் பொத்தானுக்குப் போய்விட்டது. போன இடத்தில் நின்றது. எந்த அடாப்டரைப் போட்டிருக்கிறேன்? குறைக்கிற அடாப்டரா, துளையை மட்டும் மாற்றுகிற அடாப்டரா? இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரே நீளம், ஒரே கனம். இருப்பது ஒரே காலர் மைக். தவறான அடாப்டரில் நாற்பத்தெட்டு வோல்ட் போய் அதுவும் செத்துப்போனால் டீச்சருக்கு மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சக் குரலையும் பதிய வழியில்லை.

அவசரத்தில் கை முந்தும். அந்த நேரத்தில் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நான் என்ன ஞானத்திலா சொன்னேன்? பயத்தில் உளறினேன். "அங்கிள், இந்த ரெண்டுல ஒண்ணு அஞ்சு வோல்ட் குடுக்கும், இன்னொண்ணு நாற்பத்தெட்டு. எது எதுன்னு தெரியல. மாத்திப் போட்டா மைக் காலி."

அங்கிள் குவளையை மேசையில் வைத்தார். உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ரயில்வே காலத்துப் பழைய மல்டிமீட்டர் இருந்தது, முள் ஆடுகிற ரகம்.

"தெரியலன்னா அளந்து பாக்கணும்," என்றார். அன்றைய இருபது சொல்லில் மூன்று.

அடாப்டரின் பொடித் துளைக்குள் மீட்டரின் குச்சி நுழையவில்லை. அங்கிள் டீச்சரின் கொண்டையிலிருந்து கேட்காமலே ஒரு ஹேர்பின்னை உருவினார். பூச்சைப் பிளேடால் சுரண்டி, நுனி தவிர மிச்சத்துக்கு டேப் சுற்றி, துளைக்குள் விட்டார். காலர் மைக்கை நான் தனியாகக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திவிட்டேன். ஃபேண்டத்தைப் போட்டேன். மீட்டரின் முள் எழும்பி ஐம்பதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அதாவது, காலையிலிருந்து மாட்டியிருந்தது தவறான அடாப்டர். ஃபேண்டத்தை அணைத்து வைத்த என் பேட்டரிக் கஞ்சத்தனம் மட்டும் இல்லாதிருந்தால் மைக் முதல் நிமிடமே செத்திருக்கும். இரண்டு தப்பு சேர்ந்து ஒரு மைக்கைக் காப்பாற்றியிருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அடுத்த அடாப்டரை மாட்டினோம். முள் ஐந்தைத் தாண்டவில்லை. அங்கிள் என்னைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டினார். பச்சை விளக்கு விழுந்தால் ரயில்வேக்காரர்கள் அப்படித்தான் ஆட்டுவார்களோ என்னவோ.

இதற்குள் டீச்சர் வெந்நீர் குடித்துக் கண்ணை மூடி அரை மணி நேரம் போல அமர்ந்திருந்தார். கண்ணைத் திறந்து பேனா கேட்டார். எழுபத்திரண்டையும் மறுபடி சொல்லத் தொண்டையில் குரல் கிடையாது, அது அவருக்கும் தெரியும். பட்டியலை மடியில் வைத்து அடிக்க ஆரம்பித்தார். 'தண்ணீர் வேண்டும்' போனது. 'வலிக்கிறது' போனது. 'நர்ஸைக் கூப்பிடுங்கள்' போனது.

"டீச்சர், அதெல்லாம்தான் முக்கியம்னு அந்த தெரபிஸ்ட் சொன்னாங்க."

"தண்ணி வேணும்னா கையக் காட்டினா போதும் லா," என்றார். "வலிச்சா மூஞ்சியே சொல்லும். கையால சொல்ல முடியாதத மட்டும் வெச்சிக்கிறேன்."

அந்த முதல் பக்கத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மொத்தம் ஒன்பது மிஞ்சியது. அதில் மூன்று பட்டியலிலேயே இல்லாதது, ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

மைக்கைத் திரும்ப முடிக்குள் ஒட்டினேன். இந்த முறை தடத்தைத் தனியாகப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். டீச்சரின் மூச்சு கேட்டது. அவர் மோதிரத்தைத் திருகும் சத்தம் கேட்டது. விசிறி எங்கோ தூரத்தில் போய்விட்டது.

ஒவ்வொன்றாகப் பதிந்தோம். ஒரு வாக்கியம், ஒரு மிடறு வெந்நீர், ஒரு நிமிட ஓய்வு. 'நான் இன்னும் பேசி முடிக்கல.' 'எனக்குக் காது நல்லா கேக்குது, கத்தாதே.' பேச முடியாதவர்களிடம் எல்லாரும் செவிடர்களிடம் பேசுவது போலக் கத்துவார்களாம், அதற்கு. 'சுருதி போச்சு, மறுபடி பாடு.' 'வந்து ரொம்ப நேரமாச்சு, வீட்டுக்குப் போ.' இது நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு. 'பொய் சொல்லாதே, மூஞ்சியே காட்டிக் குடுக்குது.' இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். பிறகு 'ஆமென்'. கோயிலில் தன்னுடைய ஆமெனை வேறு எவளும் தனக்காகச் சொல்லக் கூடாது என்றார்.

மிச்சம் மூன்று. மூன்றும் ஒரே சொல்தான். பட்டியலின் ஓரத்தில் 'தேவா, தேவா, தேவா' என்று எழுதியிருந்தார். வீட்டில் அங்கிளை அப்படித்தான் கூப்பிடுவார்.

முதல் 'தேவா' கோபத்தில். அங்கிள் தன்னை அறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார். இரண்டாவது, சாப்பாடு ஆறுது வா என்கிற 'தேவா'. மூன்றாவதுக்கு முன்னால் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு மோனோரயிலைப் போகவிட்டார். அந்த மூன்றாவது எப்படி இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. அது அவர்கள் வீட்டுச் சமாச்சாரம். நடுவில் குரல் ஒரு இடத்தில் உடைந்தது என்பது மட்டும் தொழில்முறையில் குறித்துக்கொள்ள வேண்டியது. உடைந்தால் இன்னொரு டேக் கேட்க வேண்டும், அதுதான் முறை. டீச்சர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஓகே டீச்சர்," என்றேன். "இதுக்கு மேல வேணாம்."

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அங்கிள் மீட்டரின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே இருந்தார், சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார். கீழே போனால் என் வண்டியில் சமன் ஒட்டியிருந்தது. கிழிக்கவில்லை, திட்டவும் இல்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. டீச்சர் அந்த டேப்லெட்டைக் கழுத்தில் பட்டை போட்டு மாட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் முழுக்க வலம் வந்தார். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் சாம்பார் ஊற்ற வந்தவனிடம் 'நான் இன்னும் பேசி முடிக்கல' என்று அழுத்திவிட்டுச் சிரிப்பாராம். பாடகர் குழுவில் 'சுருதி போச்சு' பொத்தான் தேய்ந்தேவிட்டதாகக் கேள்வி. மிச்சத்தையெல்லாம் எழுதிக் காட்டுவார்.

இரண்டு வருடம் ஆனது. நானும் வேலையை விட்டுவிட்டேன். போன மாதம் டீச்சரிடமிருந்து வாட்சப் வந்தது. 'சவுண்டு, டேப்லெட் பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. கடைக்காரன் ஒன்றுமில்லை என்கிறான். வந்து பார்.' பேட்டரி விஷயத்தில் என்னைக் கூப்பிட அவருக்கு எப்படி மனசு வந்ததோ தெரியவில்லை.

காலை பதினோரு மணிக்குப் போனேன். மின்தூக்கி இன்னும் பழுது. மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது சன்னல் வழியே டீச்சரின் குரல் கேட்டது. "தேவா." அந்த மூன்றாவது தேவா. உடைகிற இடம் உட்பட எனக்குத் தெரியாதா? அட, கிழவனும் கிழவியும் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் போகக் கூடாது என்று படியிலேயே நின்றேன். சற்று விட்டு மறுபடி "தேவா." மறுபடி. ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். பிறகு கதவைத் தட்டினேன்.

அங்கிள் திறந்தார். வீட்டில் வேறு யாருமில்லை. டீச்சரின் செருப்பு வாசலில் இல்லை. டேப்லெட் அங்கிள் கையில் இருந்தது.

"டீச்சர் எங்க அங்கிள்?"

"பாசாருக்கு." டேப்லெட்டைப் பின்னால் மறைத்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ணேன்."

"தினமுமா?"

அங்கிள் சோஃபாவில் உட்கார்ந்து துணியால் திரையைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தத் துணி டேப்லெட்டுக்கென்றே மடித்து வைத்திருந்தது. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும்போது டீச்சர் அதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவாராம், இரண்டு கையிலும் பை இருந்தால் பொத்தானை அழுத்த முடியாது என்பதால். தினமும் ஒன்றரை மணி நேரம்.

நான் உங்களுக்கு என்ன சொன்னேன்? பழுது எதுவென்று தெரிந்தால் மறைக்காதே, உடனே வாயைத் திறந்து சொல் என்றேன் அல்லவா? பத்து நிமிடத்தில் டீச்சர் கீரைக்கட்டோடு வந்தார். பேட்டரி என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். நான் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சார்ஜர் துளையை ஊதினேன், தொழில் தெரிந்தவன் மாதிரி தலையைச் சொறிந்தேன்.

"பேட்டரி பழசாயிருச்சு டீச்சர். அதான் நிக்க மாட்டேங்குது. நான் ஒரு பவர் பேங்க் கொண்டாந்து மாட்டி விடறேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். சோஃபாவில் துணியை மடித்துக்கொண்டிருந்த அங்கிளைப் பார்த்தார். கீரையைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினார்.

"பொய் சொல்லாதே," என்றது அவருடைய குரல், விசிறிச் சத்தமோ மோனோரயிலோ இல்லாமல், சுத்தமாக. "மூஞ்சியே காட்டிக் குடுக்குது."

எங்கள் இருவரில் யாரைச் சொன்னார் என்று கேட்க நானும் துணியவில்லை, அங்கிளும் துணியவில்லை. மறுநாள் பவர் பேங்க் வாங்கிக்கொண்டு போனேன், கடையில் இருந்ததிலேயே பெரியது.